கசப்பு மருந்தும் பூவரசம் பூவும்
1934–35 மலேரியாக் கொள்ளைநோய் நமக்குச் சொல்லும் பாடம்



நான் படித்துக் கொடுக்கும் மாணவிகளுள் ஒருத்தி சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பழைய காலத்து நோய்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஹஸ்ரத், மலேரியா என்றால் டெங்கு மாதிரியா?" என்றாள். வகுப்பில் யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் எவருக்கும் அந்த நோயைத் தெரியாது.

எனக்கோ உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. மட்டக்களப்பு வாவிக் கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை மலேரியாவை அறியாமல் பதினாறு வயதை அடைந்திருக்கிறாள். இது எவ்வளவு பெரிய நிஃமத்! என் சிறு பிராயத்தில் எங்கள் வீட்டில் ஆண்டு தவறாமல் யாராவது ஒருவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துச் செல்வார்கள். நாக்கில் பட்டால் நாள் முழுதும் கசக்கும் குளோரோகுயின் வில்லைகளைத் தருவார்கள். சுவருக்கு மலத்தியோன் அடிக்க வருகிறவர்களைக் கண்டால் உம்மா அவசர அவசரமாகச் சட்டி பானைகளை முற்றத்துக்குத் தூக்குவா. அந்த வாடை இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை. இது ஒரு நோயின் கதை மட்டுமன்று. அந்நியர் ஆட்சியின் கீழ் ஒரு நாடு எப்படித் தவித்தது, யார் உதவிக்கு வந்தார்கள், பெண்கள் என்ன செய்தார்கள், நாம் எங்கே நின்றோம் என்பதன் கதையும் ஆகும்.

மழை பொய்த்த ஆண்டு

1934ஆம் ஆண்டு. இலங்கை பிரித்தானியரின் முடிக்குரிய குடியேற்ற நாடு. சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் தேசாதிபதி. நாட்டின் மொத்த மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை, றப்பர், தேங்காய் ஆகிய மூன்றின் விலையும் விழுந்திருந்தது. தோட்டங்களில் வேலை இல்லை. கிராமத்தவன் கையில் காசு இல்லை. உண்ணும் அரிசியின் பெரும்பகுதியோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். வயிறு ஏற்கெனவே காய்ந்திருந்த காலம் அது.

அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் இரு கரையும் தொட்டு ஓடும் களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் மெலிந்து போயின. ஆற்றின் நடுவே மணலும் பாறையும் தெரிந்தன. பள்ளங்களில் மட்டும் தெளிந்த நீர் தேங்கி நின்றது.

மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்று பெயர். அது சாக்கடையை நாடுவதில்லை. வெயில் படும், ஓட்டமில்லாத, சுத்தமான நீரில்தான் முட்டையிடும். ஆறு நிறைந்து ஓடும்போது அதன் குடம்பிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். ஆறு குட்டைகளாக உடைந்த அந்த ஆண்டிலோ, ஈர வலயத்தின் ஆறுகளே நுளம்புப் பண்ணைகளாகிவிட்டன. வறட்சி வந்தால் நுளம்பு குறையும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே நடந்தது நேர்மாறு.

1934 ஒக்டோபரில் காய்ச்சல் கிளம்பியது. நவம்பரில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நோய் உச்சத்தை எட்டியது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. சமைக்க ஆளில்லாத வீடுகள், தண்ணீர் கொடுக்க ஆளில்லாத பாய்கள், குழி வெட்ட ஆளில்லாத கிராமங்கள்! ஏழு மாதங்களில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. நோயுற்றவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம். அதாவது நாட்டில் நான்கு பேருக்கு ஒருவர் என்ற அளவில் காய்ச்சலில் விழுந்தார்கள்.

தாய்மார்களே, இன்னொரு எண்ணையும் கேளுங்கள். 1935இல் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் பிள்ளைகளிலும் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. நான்கு தொட்டில்களில் ஒன்று வெறுமையாயிற்று. இன்று அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு.

வாவிக் கரை தப்பியது எப்படி?

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். காட்டு ஓரத்தில், குளத்துக்கும் வயலுக்கும் நடுவில் வாழ்ந்த நமது பகுதி அல்லவா அதிகம் அழிந்திருக்க வேண்டும்? ஈர வலயத்துக்கு வந்த அந்தப் பேரழிவு ஏன் அதே வேகத்தில் நம்மைத் தாக்கவில்லை?

என் உம்மம்மா அந்த ஆண்டில் ஒன்பது, பத்து வயதுச் சிறுமி. நான் ஓதி முடித்து வந்த காலத்தில் அவவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "மனே, காய்ச்சலெண்டா எங்களுக்கு வருசா வருசம் வாற விருந்தாளி. அந்த வருசம் அது புது ஊட்டுக்கும் போயிட்டு" என்றா. எழுத்தறியாத அந்தப் பெண் சொன்னதைத்தான் விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள்.

உலர் வலயத்தில் மலேரியா நிரந்தரமாகக் குடியிருந்தது. மாரி மழை தொடங்கி, பெரும்போக வெள்ளாமைக்கு ஆண்கள் படுவான்கரைக்குப் போய் வாடிகளில் இரவைக் கழிக்கும் காலத்தில் காய்ச்சலும் கூடவே வரும். பிறந்த நாள் முதல் அதற்கு ஆளாகி, பிழைத்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வளர்ந்திருந்தது. மலையடிவாரத்து மக்களுக்கு அது இல்லை. அதனால்தான் அவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள்.

ஆனால் சகோதரிகளே, அந்த எதிர்ப்புச் சக்தி இலவசமாகக் கிடைத்ததன்று. சிறு வயதில் பிழைக்காமல் போன பிள்ளைகளே அதற்கு விலை. வயிறு உப்பி, மண்ணீரல் வீங்கி, முகம் வெளிறிய குழந்தைகள் உலர் வலயக் கிராமங்கள் எங்கும் இருந்தார்கள். அங்கே 80,000 பேர் ஏழு மாதத்தில் இறந்தபோது அது கொள்ளைநோய் என்று பெயர் பெற்றது. இங்கே ஆண்டுதோறும் ஓசையின்றிப் போன உயிர்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்த வருடத்து நோன்பு

நோய் உச்சத்தில் இருந்த காலம் ஹிஜ்ரி 1353ஆம் ஆண்டின் றமழான் ஆகும். 1934 டிசம்பர் இரண்டாம் வாரமளவில் நோன்பு தொடங்கி, 1935 ஜனவரி முதல் வாரத்தின் முடிவில் பெருநாள் வந்திருக்கிறது. மாரி மழையும் காய்ச்சலும் நோன்பும் ஒன்றாக வந்த மாதம்.

உம்மம்மா அந்த நோன்பை மறக்கவே இல்லை. அவவின் உம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகளும் படுக்கையில். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவதும், நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுவதும், ஸஹருக்கு எழுந்து சமைப்பதும் அவவே. கொயினா தூள் வீட்டில் இருந்ததாம். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்த அந்தத் தாய், தான் ஒரு மடக்கும் குடிக்கவில்லை. பகலில் குடித்தால் நோன்பு முறியும். இரவில் குடித்தாலோ "கர்ப்பத்துக்குச் சூடு" என்று அயலவர்கள் பயமுறுத்தினார்கள். நோன்பை விடவும் அவ சம்மதிக்கவில்லை. "ஊரெல்லாம் நோன்பு பிடிக்கக்க நான் மட்டும் எப்படி விடுறது?" என்றாவாம். இருபதாம் நோன்பளவில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பெயர் வைக்கும் நாள்வரை இருக்கவில்லை.

"என்ட தம்பிக்குப் பேரும் இல்ல" என்று சொல்லிவிட்டு உம்மம்மா பேச்சை நிறுத்திக்கொண்டா. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தும் அவவின் குரல் மாறிப்போனது.

அந்தத் தாயை நான் குறை கூறவில்லை. அவவின் எண்ணம் தூய்மையானது. ஆனால் அவவுக்கு மார்க்கத்தை முழுமையாகச் சொல்லிக் கொடுக்காத நம் போன்றவர்களை நான் குறை கூறாமல் இருக்க முடியாது. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கம் தெளிவாக அனுமதி தந்திருக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும், தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால் சலுகை உண்டு. கழாவா, அதனுடன் பித்யாவும் உண்டா என்ற விபரத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். சலுகையை எடுத்துக்கொள்வது ஈமானில் குறைவு அன்று. சலுகையைத் தந்தவனே நோன்பையும் கடமையாக்கியவன்.

கர்ப்ப காலத்தில் மலேரியா எவ்வளவு ஆபத்தானது என்று இன்று நமக்குத் தெரியும். தாயின் இரத்தம் குறையும். கரு கலையலாம், பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். நோய்தான் கருவைத் தாக்குகிறது. பழி மட்டும் மருந்தின் மேல் விழுந்தது.

இன்றும் நம் வீடுகளில் இந்த வழக்கம் மாறிவிட்டதா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிறோம். கணவனுக்குத் தலைவலி என்றால் துடிக்கிறோம். தன் காய்ச்சலை மட்டும் "இது ஒன்றுமில்லை" என்று மூன்று நாள் மறைக்கிறோம். டெங்குக் காய்ச்சலில் அந்த மூன்று நாட்களின் விலை என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இரு பூக்களின் போட்டி

அந்த நாட்களில் நோயோடு சேர்ந்து அரசியல் கொந்தளிப்பும் நாட்டில் மூண்டிருந்தது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்தியப் பெண்களுக்கு வளர்ந்தோர் வாக்குரிமை முழுமையாகக் கிடைப்பதற்கு முன்பே நம் பாட்டிமார் அதைப் பெற்றுவிட்டார்கள். 1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தே அதைக் கேட்டுப் பெற்றார்கள்.

அந்த முதல் தேர்தலில் நமது மட்டக்களப்பு தெற்குத் தொகுதியிலிருந்து எச். எம். மாக்கான் மாக்கார் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தேர்தலில் வென்று சென்ற ஒரே முஸ்லிம் அவர்தான். போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராகவும் பணியாற்றினார். கொள்ளைநோய் நாட்டை உலுக்கிய வேளையில் அமைச்சர் குழுவில் நம் பகுதியின் பிரதிநிதி ஒருவர் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆனால் அமைச்சர்களின் கை கட்டப்பட்டிருந்தது. நிதி, நீதி, பாதுகாப்பு ஆகியவற்றின் கடிவாளம் பிரித்தானிய உத்தியோகத்தர் மூவரிடம் இருந்தது. அவர்களுக்கு மேலே தேசாதிபதி. வாக்கு நமது, சாவி அவர்களிடம்!

இந்த நிலையை எதிர்த்து ஒரு பூ கிளம்பியது. முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல் ஆண்டுதோறும் பொப்பி மலர் விற்பார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கடல் கடந்து பிரித்தானியப் படைவீரர்களின் நலனுக்குப் போனது. "நம் நாட்டு ஏழைக்கு என்ன?" என்று கேட்ட இளைஞர்கள் அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார்கள். சகோதரிகளே, சூரிய மல் என்பது எது தெரியுமா? நம் வளவு வேலிகளிலும் வாவிக் கரையிலும் மஞ்சளாகப் பூத்து, மாலையில் சிவந்து உதிரும் பூவரசம் பூதான்!

அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் ஒரு பெண். இங்கிலாந்தில் பிறந்து, இலங்கையில் பாடசாலை அதிபராக வந்த டொரீன் யங். தம் சொந்த நாட்டின் ஆதிக்கத்தை எதிர்த்து அவர் இங்கே குரல் கொடுத்தார். அவர் மணந்துகொண்ட டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அரசாங்க சபை உறுப்பினர்.

காய்ச்சல் பரவியதும் பூ விற்ற இந்தக் கைகள் மருந்தைத் தூக்கின. கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாகக் கொயினா கொடுத்தார்கள். அங்கே அவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். மருந்து குடித்தும் மக்கள் தேறவில்லை. காரணம், வயிற்றில் ஒன்றுமில்லை. பட்டினி கிடந்த உடலில் மருந்து வேலை செய்யவில்லை. எனவே மருந்தோடு பருப்பும், சத்துக்காக மார்மைட்டும் கொடுத்தார்கள். பருப்பைப் பங்கிட்ட கலாநிதி என். எம். பெரேராவைக் கிராமத்தார் "பருப்பு மாத்தயா" என்று அழைத்தார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கொயினா வரவழைத்தது, தற்காலிக ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் திறந்தது, நிவாரண வேலைகள் கொடுத்தது. வைத்திய, சுகாதார சேவைகளின் பணிப்பாளர் பிரியர்கிளிஃப் விரிவான அறிக்கை எழுதினார். ஆயினும் ஒரு கேள்வி மக்கள் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரொஸ் 1897இலேயே இந்தியாவில் கண்டறிந்துவிட்டார். குருநாகலில் மலேரியா ஒழிப்பு நிலையம் 1911இலேயே தொடங்கப்பட்டது. அறிவு இருந்தது, நிலையம் இருந்தது. அப்படியிருந்தும் அதே குருநாகலில் மக்கள் ஏன் இப்படி மடிந்தார்கள்? தேயிலைக்கும் றப்பருக்கும் பாதை போட்ட ஆட்சி, கிராமத்துக்கு ஒரு வைத்தியரை ஏன் அனுப்பவில்லை?

இந்தக் கேள்வி தேர்தலில் பதிலாக வந்தது. 1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் "பருப்பு மாத்தயா" ருவன்வெல்லையில் வென்றார். பிலிப் குணவர்தன அவிசாவளையில் வென்றார். இரண்டும் காய்ச்சல் கண்ட பகுதிகளே. அவர்களின் கொள்கை எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. நோயாளியின் பாயருகில் குந்தியவர்களை மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அதே 1936 பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. நியமன உறுப்பினர்களே நமக்காகப் பேசவேண்டியதாயிற்று. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் நாடே துன்பப்பட்ட வேளையில் நாம் நமது ஊர் எல்லைக்கு அப்பால் எவ்வளவு தூரம் போனோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதில் தவறில்லை அல்லவா?

வென்றோம் என்று உறங்கியபோது

கதை அங்கே முடியவில்லை. 1946இல் நாட்டில் மலேரியா நோயாளர் ஏறத்தாழ 28 இலட்சம். அப்போதுதான் டி.டி.ரீ. மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். நோய் மளமளவென்று குறைந்தது. உலர் வலயத்துக் காடுகளில் குடியேற்றங்கள் தோன்ற இதுவும் ஒரு காரணம். நமது பகுதியின் கல்லோயாத் திட்டமும் அந்தக் காலத்ததே. 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் வெறும் 17 பேர்!

வெற்றி என்று எண்ணினார்கள். 1964இல் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 69ஆம் ஆண்டுகளில் காய்ச்சல் திரும்பி வந்தது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பதினேழு, ஐந்து இலட்சமாக ஐந்தாறு ஆண்டுகள் போதுமாயிருந்தன.

பின்னர் யுத்தம் வந்தது. வடக்கும் கிழக்கும் பற்றி எரிந்த காலத்தில் நுளம்புக்கு எல்லைக் கோடு தெரியாது. இடம்பெயர்ந்தவன் எந்த இனம் என்றும் அது கேட்கவில்லை. அந்த நாட்களிலும் இரத்தம் பரிசோதித்த, வில்லை கொடுத்த, மருந்தடித்த ஊழியர்கள் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லாரிலும் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. என் மாணவி மலேரியாவை அறியாததன் பின்னால் இவ்வளவு பேரின் உழைப்பு இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்!

மறக்கக் கூடாத இன்னொன்று

நோயும் அரசியலும் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கும் என்பதை நாம் ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. நாமே கண்டோம். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அது கேட்கப்படவில்லை. எத்தனை தாய்மார் துடித்தார்கள்! 2021 பெப்ரவரியில்தான் அந்த விதி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் நமது மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் நாடெங்குமிருந்து ஜனாஸாக்கள் வந்திறங்கின. 3,000க்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

அந்த நாட்களில் ஓட்டமாவடி மக்கள் இரவு பகல் பாராமல் அந்நியர்களின் மையித்துக்களைத் தம் உறவுபோல் ஏற்று அடக்கம் செய்தார்கள். வாவிக் கரை நாட்டுக்குச் செய்த பணி அது. நமக்கு வலித்த அந்த வலியை நாம் இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பதே அதற்கு நாம் செலுத்தும் நன்றி. நோய் வந்த வீட்டைச் சுட்டிக் காட்டி, "அவர்களால்தான் பரவியது" என்று நம் நாவும் பேசியதில்லையா? சற்றே நெஞ்சில் கைவைத்துப் பாருங்கள்.

நாம் செய்யவேண்டியவை

நமது பகுதியின் வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்கு வீடு கொடுக்கிறாள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அப்படியானால் அந்த வளவின் கிணறும் தண்ணீர்த் தாங்கியும் முற்றமும் யாருடைய அமானிதம்? சகோதரிகளே, உங்களுடையதுதான்.

2016இன் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டது. இது ஆற்றுக் குட்டையைத் தேடிப் போகாது. வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும் இனம். ஆகவே கிணற்றுக்கு வலை போடுங்கள். தாங்கியின் மூடியைச் சரிபாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, எறிந்த சிரட்டை, ரயர் ஆகியவற்றைப் பாருங்கள். டெங்கு நுளம்பும் அதனால் குறையும்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளையோ கணவரோ வந்து, சில வாரங்களில், ஏன், சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும் எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலேரியா இருக்கும் நாடுகளிலிருந்து இன்றும் அது பயணிகளோடு வந்துகொண்டுதான் இருக்கிறது. இளம் வைத்தியர்கள் பலர் அந்நோயைக் கண்ணால் கண்டதில்லை. உங்கள் ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கலாம்.

உங்கள் சொந்தக் காய்ச்சலை மறைக்காதீர்கள். நோன்பு காலமானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி.

அயலில் ஒருவர் படுத்துவிட்டால் மருந்து வாங்கிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல் அடுப்பையும் பாருங்கள். பருப்பு மாத்தயாவின் பாடம் அதுவே. அந்த அயல்வீடு வேலிக்கு அப்பால் உள்ள தமிழ்ச் சகோதரியின் வீடாக இருந்தாலும் கஞ்சி கஞ்சிதான்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள்?" 1931இல் கிடைத்த உரிமையைப் பாதுகாக்கும் வழி அதுதான்.

அடுத்த வாரம் அந்த மாணவிக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பேரில்லாத பிள்ளைக்கு நாங்கள் துஆச் செய்யலாமா ஹஸ்ரத்?" என்றாள். வகுப்பே கையேந்தியது. அந்தப் பிள்ளைக்காகவும் அதன் தாய்க்காகவும், கேகாலையிலும் குருநாகலிலும் பெயர் தெரியாமல் மடிந்தோரின் வீட்டார் இன்று நலமாக வாழவும் துஆச் செய்தோம்.

அடுத்த முறை உங்கள் வேலியோரத்தில் பூவரசம் பூவைக் காணும்போது இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நோயற்ற வாழ்வையும் பிறர் நோயில் உதவும் மனதையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.